எண்ணூர் ரோடு நகர்ந்தது

ஒரே அறை உள்ள வீட்டில் ஒரு வாரம் மகளோடு பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் குணசேகரன் அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வேண்டுமென்றால் மனைவி மாயாவிடம் கேட்பார். மகள் செங்கொடிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் மாயாவிடம்தான் சொல்வார். செங்கொடி எதிரிலேயே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கோபத்துக்குக் காரணம் போன வாரம் வந்த ஒரு வேலை. ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நிரந்தர வேலை. யூனியன் வாசலில் கால்கடுக்க நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் பிடித்து, குணசேகரன் மகளுக்காக வாங்கி வந்த வேலை. மகள் ஒரே வார்த்தையில் அதை முடித்துவிட்டாள்.

"வேணாம் நைனா."

அவள் கன்சல்டன்ட். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமான ஆள் இல்லை. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க் எங்கே படுத்துக்கொள்கிறதோ, அங்கேயிருந்து கூப்பிடுவார்கள். போய்ச் சரிசெய்துவிட்டு வருவாள். கூப்பிடாத நாட்களில் வீட்டில் உட்கார்ந்து படிப்பாள். சி.சி.என்.ஏ. என்று ஒரு பரீட்சை, அதற்கு மேலே சி.சி.என்.பி. என்று இன்னொன்று, இரண்டும் பாஸ். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு செய்முறைப் பரீட்சை இருந்தது. அதைப் பெங்களூருக்குப் போய்த்தான் எழுத வேண்டும். ஒருமுறை போய்த் தோற்றுவிட்டு வந்தாள். நாளை இரண்டாவது முறை.

"கூப்டா போறது, கூப்டலைன்னா வூட்ல குந்திகினு கெடக்கறது. இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு! எங்கப்பன் ஹார்பர்ல மூட்டை தூக்கினப்போ இதுக்குப் பேரு தினக்கூலி!" என்று அன்றைக்குக் கத்தியவர்தான். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அவருடைய அப்பா விடியும்போதே ஹார்பர் கேட்டில் போய்க் கூட்டத்தில் நிற்பார். மேஸ்திரி கையைக் காட்டினால் வேலை, காட்டாவிட்டால் திரும்பி வருவார். அந்த வெறுங்கையைப் பார்த்து வளர்ந்தவர் குணசேகரன். தன் மகள் யாரோ கூப்பிடுவதற்காகப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

அன்று காலை அவர் சட்டையை மாட்டியபோது செங்கொடி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் அவளுடைய இரும்புப் பெட்டிகள் லேசாக இரைந்தன. ரிச்சி தெருவில் பழைய சாமான் விலைக்கு வாங்கி வந்த ரவுட்டர்கள். அவற்றில் நீல ஒயரைச் செருகுவாள், பிடுங்குவாள், தானே கெடுப்பாள், தானே சரிசெய்வாள். இதுதான் படிப்பாம்.

"இன்னிக்கு மத்தியான ரயிலு," என்றாள் மாயா, டிபன் கேரியரை நீட்டியபடி. "புள்ள ஊருக்குப் போவுது. எய்ப்பி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."

"வண்டிக்கு நேரமாச்சு," என்றார் குணசேகரன்.

வாசல்வரை போனவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சுவரில் புத்தர் படத்துக்குக் கீழே அவளுடைய பயணப்பை தயாராக இருந்தது. பிறகு படியிறங்கினார்.

---

குணசேகரன் ட்ரெய்லர் ஓட்டுபவர். அன்றைக்கு அவர் வண்டியில் இருந்தது குளிர்பதனப் பெட்டி. உள்ளே ஏற்றுமதி இறால். எண்ணூர்ப் பக்கம் குளிர்கிடங்கில் ஏற்றி, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எடை போட்டு, கேட் பாஸ் வாங்கி, ஹார்பரில் கொண்டு சேர்க்க வேண்டும். மத்தியானத்துக்குள் சேர்க்காவிட்டால் கப்பல் அந்தப் பெட்டியை ஏற்றாது.

யார்டுக்கு வெகுதூரம் முன்பே வண்டி நின்றது.

எண்ணூர் ரோட்டில் வண்டி நிற்பது புதிதல்ல. ஆனால் இது வேறு மாதிரி நிற்பதாக அவருக்குத் தோன்றியது. கொஞ்சம்கூட ஊரவில்லை. ஒரு பக்கம் கடல் பாறைமேல் மோதிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ட்ரெய்லர்கள், ஒன்றின் பின்னால் ஒன்று, கண்ணுக்கு எட்டின மட்டும் செத்துக் கிடந்தன. டிரைவர்கள் இறங்கி வண்டி நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு ரஷீது திரும்பி வந்தான். அவருக்குப் பின்னால் நிற்கும் வண்டி அவனுடையது. பல வருஷத்து தோஸ்து.

"யார்டுல கம்ப்யூட்டரு பூட்ச்சாம் மாமு. எடைச்சீட்டு வர்ல, கேட் பாஸ் வர்ல. ஒரு வண்டி உள்ள போவ முடில, ஒண்ணு வெளிய வர முடில."

"கையில எய்திக் குடுக்க வேண்டியதுதானே? அந்தக் காலத்துல அப்டித்தானே குடுத்தான்?"

"இப்போ அது செல்லாதாம். ஹார்பர்ல கம்ப்யூட்டரு கேக்குமாம், இங்க இருக்கற கம்ப்யூட்டரு சொல்லணுமாம். ரெண்டும் பேசினாத்தான் வண்டி போவும்."

குணசேகரன் பெட்டியின் ஓரத்தில் இரைந்துகொண்டிருந்த ஜெனரேட்டரைப் பார்த்தார். அது நின்றால் குளிர் நிற்கும். குளிர் நின்றால் இறால் நாறும்.

"இந்தக் கம்ப்யூட்டர்காரனுங்கள நம்பி ஊரே பேஜாராப் பூடும்," என்று துப்பினார்.

வரிசை இரண்டு மூன்று தடவை குலுங்கி, அவர் வண்டி எப்படியோ யார்டு கேட்டுக்கு எதிரே வந்து நின்றது. முன்னால் நின்ற சிலர் வெறுத்துப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதால் கிடைத்த இடம் அது. அப்போதுதான் டோல்கேட் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் குதித்து இறங்கினாள். தோளில் லேப்டாப் பை. கையில் பயணப்பை.

செங்கொடி.

வீட்டில் புத்தர் படத்துக்குக் கீழே இருந்த அதே பை.

அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. யார்டுக்குள்ளிருந்து, கழுத்தில் டை கட்டிய, தலை நரைத்த ஒரு மனிதர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் இக்னேஷியஸ், அந்த யார்டின் மேனேஜர். டிரைவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர் என்று பெயர் வாங்கியவர்.

"வாங்க மேடம், வாங்க! உங்களுக்கு இன்னிக்கு ட்ரெயின்னு தெரியும், மன்னிச்சுக்கணும். வேற யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல."

மேடம்.

குணசேகரன் அந்த வார்த்தையைக் கேட்டபடி நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, எஞ்சினை நிறுத்திவிட்டு, பேப்பர்களைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட் ஆபீசுக்குப் போகும் டிரைவர் மாதிரி அவர்கள் பின்னாலேயே நடந்தார்.

---

கேட் ஆபீசில் டிரைவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. குணசேகரன் கண்ணாடியோரம் ஒதுங்கி நின்றார்.

உள்ளே ஆளுயர இரும்பு அலமாரி. அதில் தட்டையான பெட்டிகளும், பெட்டி முழுக்க ஓட்டைகளும், ஓட்டைக்கு ஓட்டை ஒயர்களும். இந்தப் பெட்டியைத்தான் வீட்டில் அவள் 'சுவிட்ச்' என்பாள். சுவிட்ச் என்றால் லைட் போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தார் அவர். இங்கே பெட்டிகளின் முகம் முழுக்கச் சின்னச் சின்ன பச்சை விளக்குகள், ஒரே சமயத்தில் வெறி பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன.

செங்கொடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. முதலில் அவள் ஏதோ வைரஸ் என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தச் சொன்னாள். பிறகு இன்னொன்றை. ஆள்கள் ஓடி ஓடி நிறுத்தினார்கள். விளக்குகள் துடிப்பது நிற்கவில்லை.

"பொம்பளப் புள்ளைய இட்டுகினு வந்து இன்னா பண்றாங்க?" என்றான் பின்னால் ஒரு டிரைவர். "நம்ம பொயப்பு போச்சு."

குணசேகரனுக்கு முகம் சுட்டது. திரும்பி அவனை அறையலாமா என்று இருந்தது. ஆனால் சற்று முன்பு ரோட்டில் தானே சொன்னதும் ஏறக்குறைய அதுதானே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

செங்கொடி தட்டுவதை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

தோற்றுவிட்டாள் என்று நினைத்தார் அவர். அந்த நேரத்தில் கப்பலும் இறாலும் அவருக்கு மறந்துபோயிற்று. 'ஐயோ, புள்ள' என்பது மட்டுந்தான் இருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து போய் அந்தப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. கொஞ்ச நேரம் விளக்குகளையே பார்த்தாள். திரையைப் பார்க்கவேயில்லை.

"வைரஸ் இல்ல சார்," என்றாள். குரல் மாறியிருந்தது. "எல்லா லைட்டும் ஒண்ணா அடிக்குது பாருங்க. எங்கேயோ சுத்துது."

"என்ன சுத்துது மேடம்?"

"ஒரு ஒயர் சுத்திகிட்டு மறுபடி அதே இடத்துக்கு வருது. இப்போ ரவுண்டானால ஒரு வண்டி நுழைஞ்சு, வெளிய போக வழி தெரியாம சுத்திகிட்டே இருந்தா? பின்னால வர்ற வண்டியும் சுத்தும். அதுக்குப் பின்னால வர்றதும். கொஞ்ச நேரத்துல ரவுண்டானா முழுக்க வண்டி, ரோடு அப்படியே நின்னுடும். உள்ளேயும் அதுதான் நடக்குது. யாரும் கெட்டுப்போகல. எல்லாரும் மாட்டிகிட்டாங்க."

அவள் கொத்துக் கொத்தாகப் போன ஒயர்களில் ஒன்றை உருவினாள். விளக்குகளைப் பார்த்தாள். திரும்பச் செருகினாள். அடுத்ததை உருவினாள். அப்புறம் ஒரு மஞ்சள் ஒயர். அதை உருவின மறுநொடி அறையே பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. துடித்த விளக்குகள் அத்தனையும் அடங்கின.

கேட் ஆபீசில் இருந்த கூச்சலும் ஏனோ அடங்கியது.

"இது எங்க போகுது சார்?"

"வே பிரிட்ஜுக்கு."

"தப்பு அங்கேதான். ஆனா அது இல்லாம எடைச்சீட்டு வராது. நான் இங்க லைட்டப் பார்த்துகிட்டே இருக்கணும், அங்க ஒரு ஆள் வேணும். சொன்னதைச் செஞ்சா போதும்."

இக்னேஷியஸ் சுற்றிலும் பார்த்தார். அவருடைய ஆள்கள் எல்லாரும் கேட்டில் டிரைவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் போறேன் சார்," என்றார் குணசேகரன்.

செங்கொடி திரும்பினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"டிரைவர்ங்களை எல்லாம் உள்ள விட முடியாதுப்பா," என்றார் இக்னேஷியஸ்.

"போகட்டும் சார்," என்றாள் செங்கொடி. "அவரு எங்க நைனா."

இக்னேஷியஸ் குணசேகரனின் காக்கிச் சட்டையைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு அலமாரி மேலிருந்த வாக்கி டாக்கியை எடுத்து மேடத்திடம் கொடுத்தார். தன் இடுப்பிலிருந்ததைக் கழற்றி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

---

வே பிரிட்ஜ் என்கிற அந்த எடை மேடை யார்டின் கோடியில் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்களுக்கு நடுவே குணசேகரன் ஓடினார். எத்தனை வருஷமாக இந்த யார்டுக்கு வருகிறார், இதற்குள் ஓடினது இல்லை.

படி ஏறிப் போகிற ஓர் அறை. உள்ளே மலிகா என்ற சின்ன வயசு கிளார்க் பெண், நின்றுபோன கம்ப்யூட்டர் முன்னால் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். மேஜைக்கடியில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதைச் சுற்றி ஒயர்கள், சிக்குப் பிடித்த தலைமயிர் மாதிரி.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"நைனா?"

"ம்."

"உள்ள போயிட்டியா?"

"வந்துட்டேன். மேஜைக்கு அடியில குந்திகினு கீறேன்."

ஒரு வாரமாகச் சேர்ந்திருந்த மௌனம் அந்தக் கரகரப்புக்குள் நின்றது. இருவருமே அதைத் தொடவில்லை.

"சரி. ஒரு ஒயரப் புடிச்சி அது எங்க போவுதுன்னு விரலாலயே பாத்துகினே போ. செவுத்துக்குப் போச்சின்னா வுட்று. கம்ப்யூட்டருக்குப் போச்சின்னா வுட்று. ரெண்டு மொனையும் அதே பொட்டிக்குள்ள போற ஒயரு ஒண்ணு இருக்கும். அதான் எனக்கு வேணும்."

குணசேகரன் பிடித்தார். ஒன்று சுவருக்குப் போனது. ஒன்று பிரிண்டருக்கு. ஒன்று நடுவில் எங்கோ தொலைந்து, திரும்ப முதலிலிருந்து வரவேண்டியதாயிற்று. வியர்வை கண்ணில் இறங்கியது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"அவசரப்படாத நைனா. நான் இருக்கேன்."

அவள் சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவர். இந்த வார்த்தையை அவர்தான் சொல்லியிருந்தார் அப்போது. அது இப்படி இரும்பு டப்பாவிலிருந்து தன்னிடமே வரும் என்று அவர் நினைத்ததில்லை.

ஒரு குட்டை ஒயர். ஒரு முனை பெட்டிக்குள். விரல் அதன்மேல் ஊர்ந்து, மற்ற ஒயர்களுக்குக் கீழே நுழைந்து, மேலே வந்து... அதே பெட்டிக்குள்.

"செங்கொடி! கெட்ச்சிச்சி!"

"புடுங்கு."

"இதா இல்லாம வேறயா இருந்தா? ஊரே நின்னுகினு கீது..."

"புடுங்கு நைனா. தப்பா இருந்தா திருப்பி சொருகிக்கலாம். கெட்டுப்போறதுக்கு இனிமே இன்னா கீது?"

அவர் பிடுங்கினார்.

ஒன்றும் ஆகவில்லை. குணசேகரன் அந்தத் துண்டு ஒயரைக் கையில் பிடித்தபடி பெட்டியின் விளக்குகளையே பார்த்தார்.

"மஞ்சள் ஒயர இங்க சொருகறேன். பாரு."

விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்தன. பிறகு ஒன்று மினுக்கியது. தள்ளி இன்னொன்று. அப்புறம் வேறொன்று, அதனதன் வேகத்தில். இத்தனை நேரம் ஒரே குரலில் கத்திய கூட்டம், இப்போது ஒருவர் பேச ஒருவர் கேட்கிற மாதிரி.

மேஜைமேல் பிரிண்டர் கிறீச்சிட்டது. எடைச்சீட்டு ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னாலேயே அடுத்தது.

"வந்துச்சி!" என்று கத்தினார் குணசேகரன். "செங்கொடி, வருதும்மா! வந்துகினே கீது!"

அவர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். அங்கிருந்து பார்த்தால் மதில் சுவருக்கு அப்பால் எண்ணூர் ரோடு முழுவதும் தெரியும், அதற்கு அப்பால் கடல். செத்துக் கிடந்த வரிசையில் முதல் வண்டி புகை கக்கியது. அடுத்தது குலுங்கியது. எஞ்சின் சத்தம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிக்கொண்டு வடக்கே போனது, கத்திவாக்கம் பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத தூரம்வரைக்கும். பீடியை எறிந்துவிட்டு டிரைவர்கள் ஓடி ஓடி ஏறினார்கள். வெயிலில் அத்தனை கண்ணாடிகளும் மின்னின. அந்தப் பெரிய ரோடு, தூங்கி எழுந்த பாம்பு மாதிரி, மெதுவாக நகர ஆரம்பித்தது.

குணசேகரன் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். ஒரு முழம்கூட இல்லை. செருப்பு வார் கனம்கூட இல்லை.

இது நிறுத்தியிருந்தது அத்தனை இரும்பையும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த தன் மகள், கண்ணால் பார்க்காத இடத்தில் இருந்த இதை, கண்ணை மூடி யோசித்துக் கண்டுபிடித்திருந்தாள். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அண்ணே," என்றாள் மலிகா பின்னாலிருந்து. அழுகிற குரல். "காலைல பெருக்கறப்போ அது ஒரு மொனை கீழ தொங்கிகினு இருந்துச்சி. கழண்டு வந்துடுச்சின்னு நான்தான் பக்கத்து ஓட்டைல சொருகினேன். வேலை போயிடுமாண்ணே?"

வாக்கி டாக்கியில் அந்த நேரம் இக்னேஷியஸ் வந்தார். "யார் அதைச் சொருகினது? எனக்குப் பேர் வேணும்."

குணசேகரன் மலிகாவைப் பார்த்துக் கையமர்த்தினார். பதில் செங்கொடியிடமிருந்து வந்தது.

"பேர் எதுக்கு சார்? ஒரு ஒயரை யார் வேணும்னாலும் சொருகுவாங்க. அதுக்காக யார்டே நிக்கக்கூடாது. சொருகினாலும் சுத்த விடாம தடுக்கறதுக்குப் பெட்டியிலேயே வழி இருக்கு. இந்த யார்டுல அதைப் போடாம விட்டிருக்காங்க. நான் போட்டுட்டுப் போறேன்."

மலிகா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அப்போது வெளியே ஹாரன்கள் ஒன்றாகக் கிளம்பின. நகர்ந்த ரோடு மறுபடி நின்றுவிட்டது. ரஷீதின் குரல் மதிலைத் தாண்டிக் கேட்டது.

"மாமு! யோவ் குணசேகர் மாமு! எங்கய்யா பூட்ட? உன் வண்டிதான்யா ரோட்ட மறிச்சிகினு கீது!"

---

செங்கொடி அந்தப் பெட்டிகளுக்குக் காவல் போட்டு முடிப்பதற்குள் குணசேகரன் எடை போட்டு, பாஸ் வாங்கி, கேட்டுக்கு வெளியே வண்டியை ஓரம் கட்டியிருந்தார். ஆட்டோ எதுவும் அந்த நெரிசலில் வருவதாக இல்லை.

"ஏறு," என்றார்.

ட்ரெய்லரின் உயரப் படியில் கால் வைத்து அவள் ஏறினாள். பயணப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். காசிமேடு வந்தது, மீன் வாசம் வந்தது.

"நாளைக்கு இன்னா கேப்பாங்க?" என்றார் ரோட்டைப் பார்த்தபடி.

"ஒரு ரூமு. அதுல இந்த மாதிரி பொட்டிங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம். ஒரு பெரிய நெட்வொர்க்க நாமளே கட்டணும். ஒண்ணு தப்பாப் போனாலும் மேல கட்டினது எல்லாம் சரிஞ்சி வியும். எது தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"போன தடவ?"

"பயந்துட்டேன். தெரிஞ்சதே மறந்துபோச்சி." அவள் விரலைப் பிசைந்தாள். "இன்னிக்கும் முதல்ல அப்டித்தான் ஆச்சி நைனா. வைரஸ்னு நெனச்சி சுத்திகினு இருந்தேன். கண்ண மூடினேன் இல்ல, அப்போ ஓடிடலாமான்னு இருந்துச்சி."

"பாத்துகினுதான் இருந்தேன்."

"ஓடல."

"ஆமா," என்றார் குணசேகரன். "ஓடல நீ."

அவள் போன் அடித்தது. பேசிவிட்டு அவரிடம் நீட்டினாள். "இக்னேஷியஸ் சார். உன்கிட்ட பேசணுமாம்."

ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன். அந்தப் பக்கம் இக்னேஷியஸ் மரியாதையோடு பேசினார். ஹெட் ஆபீசுக்குச் சொல்லிவிட்டாராம். உங்கள் பெண்ணை யார்டுக்கு நிரந்தரமாகவே எடுத்துக்கொள்கிறோம், தகப்பன் என்ற முறையில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஒப்புக்கொள்வார்கள், என்றார்.

நிரந்தரம். போன வாரம் இந்த வார்த்தைக்காக அவர் யார் காலில் வேண்டுமானாலும் விழுந்திருப்பார்.

"அத்த அவங்களாண்டயே கேளுங்க சார்," என்றார் குணசேகரன். "அவங்க வேலை இன்னான்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். நான் இன்னா சொல்றது?"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கியரை மாற்றினார். பக்கத்து சீட்டில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் லேசாக அசைந்தது. அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

ஹார்பர் ஜீரோ கேட்டுக்கு முன்னால் ஓர் ஆட்டோ காலியாக நின்றது. "எறங்கு, எறங்கு, ரயிலு போயிடும்!" என்று அவர் அவசரப்படுத்த, அவள் குதித்தாள். ஓட ஆரம்பித்தவள் ஒரு தடவை நின்று கையை ஆட்டினாள். என்னமோ சொன்னாள். ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. ஆட்டோ சென்ட்ரல் பக்கம் பறந்தது.

---

கேட்டைத் தாண்டியதும் உலகம் பெரிதாகிவிடும். கப்பல் கரையோடு ஒட்டி நின்றது, ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்த மாதிரி. கிரேன் இறங்கி வந்து, அவர் வண்டியிலிருந்த பெட்டியைக் கவ்வி, ஒரு தீப்பெட்டியைத் தூக்குவதுபோல் ஆகாயத்துக்குத் தூக்கியது.

இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இரும்புக்கு இருக்கிற பலம் என்று நினைத்திருந்தார். இன்றைக்குக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். இந்தப் பெட்டி எந்தக் கப்பலில், எந்த அடுக்கில், எந்த ஊருக்கு என்பதை எங்கோ ஒரு ஒயர் இன்னொரு ஒயருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு நின்றால் மலை மாதிரி நிற்கிற இந்தக் கப்பலும் நகராது. அந்தப் பேச்சு தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் ராத்திரியெல்லாம் நடந்திருக்கிறது. அவர் அதை இரைச்சல் என்று திட்டியிருக்கிறார்.

சட்டைப் பைக்குள் ஏதோ அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தார். செங்கொடியின் போன். அவசரத்தில் அவளும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

பச்சைப் பொத்தானை அழுத்தினார். ஒரு பெண் குரல், மடமடவென்று இங்கிலீஷ். நடுவில் மகளின் பெயர் வந்தது. பெங்களூர் என்று வந்தது.

குணசேகரன் நிமிர்ந்து நின்றார். பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சார்... மேடம்... செங்கொடி இல்லீங்க. அவங்க கன்சல்டன்ட். பெங்களூரு வந்துகினு கீறாங்க. நான் அவங்க நைனா பேசறேன்."

அந்தக் குரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அதே விஷயத்தை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, திரும்பச் சொன்னது. எக்ஸாம் என்றது, டுமாரோ என்றது. இன்னும் என்னென்னவோ சொன்னது. தேங்க்யூ என்று சொல்லி வைத்துவிட்டது.

தலைக்கு மேலே இறால் பெட்டி கப்பலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். குணசேகரன் நகரவில்லை. அத்தனை இங்கிலீஷிலும் அவருக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது ஒரே ஒரு சொல்தான். கப்பல்காரர்களிடமும் யார்டுக்காரர்களிடமும் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் நன்றாகவே அறிவார்.

கேன்சல்.